அசையாத ஆள்

எங்கள் தெருமுனை ஸ்டுடியோவில் ஒரு நாளைக்கு அதிகமாகப் புழங்கும் சொல் "அசையாதீங்க" என்பதுதான். அதைச் சொல்லிச் சொல்லியே போட்டோக்காரருக்குத் தலை நரைத்துவிட்டது. கைக்குழந்தையிடமும் சொல்வார், பல் செட் நழுவும் பெரியவரிடமும் சொல்வார். ஆனால் அவர் ஓரிடத்தில் அசையாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் கை எதையாவது துடைத்துக்கொண்டிருக்கும். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்துபோய் மின்விசிறி வேகத்தை மாற்றிவிட்டு வருவார். இந்தக் குறையால் யாருக்கும் ஒரு தொந்தரவும் வந்ததில்லை, அவர் மனைவி படிக்கக் கிளம்பும்வரை.

மனைவிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. நோயாளிகள் "சிஸ்டர், சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். நிஜ சிஸ்டர்கள் காதில் அது விழுந்தால் முகம் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைப் பார்த்துப் பார்த்துப் புளித்துப்போய்த்தான் அவள் மாலைக் கல்லூரியில் சேர்ந்தாள். வார்டு மேற்பார்வையாளர் படிப்பு. நர்சிங், கணக்குப் பதிவியல், கட்டுரை எழுதுதல், வரலாறு என்று நாலு பாடம். தேறினால் ஆயா உடுப்பைக் கழற்றிவிட்டு மேசை நாற்காலி போட்டு உட்காரலாம்.

"நர்சிங் சரி. மருந்து ஸ்டோருக்குக் கணக்கும் சரி. ரிப்போர்ட் எழுத கட்டுரை இருந்துட்டுப் போகட்டும். வரலாறு எதுக்கு?" என்றார் போட்டோக்காரர். "எந்த ராஜா எப்படிச் செத்தான்னு தெரிஞ்சா வார்டுல கிடக்கிறவன் எழுந்து உக்காந்துடுவானா?"

"பொதுப் பாடமாம். படிச்சுத்தான் ஆகணுமாம். நீங்க கொஞ்சம் கையை நீட்டுங்க."

ஆரம்பத்தில் அவளுக்கு நோயாளி அவர்தான். வேலை முடிந்து வந்ததும் சமையலறை நாற்காலியில் அவரை உட்காரவைத்து முழங்கைக்குக் கட்டுப் போடுவாள், தலைக்குக் கட்டுப் போடுவாள். கட்டோடு கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவார் மனிதர். யாராவது பதறிப்போய் விசாரித்தால், "ஒண்ணுமில்ல, வீட்டுல படிப்பு நடக்குது" என்று சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

ரத்த அழுத்தம் பார்ப்பதில்தான் சிக்கல் வந்தது. கையில் பட்டையைச் சுற்றி, காற்றை ஏற்றி, ஸ்டெதஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்து அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உற்றுக் கேட்பாள். சரியாக அந்த நேரம் பார்த்து, "கேக்குதா?" என்பார்.

"நீங்க பேசறதுதான் கேக்குது."

"இப்ப?"

"இப்பவும் அதேதான்."

நாடி பார்க்க மணிக்கட்டைப் பிடித்தால் விரல்கள் தாளம் போடும். ஒரு வாரத்தில் அவளுக்கு வெறுத்துவிட்டது. "உங்களை வச்சுப் படிக்கிறதுக்கு ஓடற பஸ்ல உக்காந்து ஊசியில நூல் கோக்கலாம்" என்று பட்டையைச் சுருட்டி வைத்தாள்.

வகுப்பில் அவளோடு சேர்ந்து படிக்க மூன்று பேர் அமைந்தார்கள். அச்சகத்தில் பிழை திருத்தும் ஒரு பெண்மணி. எல்லோருக்கும் அவர் புரூஃப் அக்கா, கட்டுரையில் கெட்டி. பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டே வரலாறு பேசும் கண்டக்டர் ஒருவர். அப்புறம் ஆஸ்பத்திரி பில் கவுன்டரில் இருக்கும் பில்காரர். கணக்கு அவர் விரல் நுனியில். நர்சிங்குக்கு இவள். ஆளுக்கொரு பாடத்தை மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று ஏற்பாடு.

உட்கார்ந்து படிக்க இடம்தான் இல்லை. "நம்ம ஸ்டுடியோ எதுக்கு இருக்கு? ஆறு மணிக்கு மேல ஒரு ஈ வராது. அங்கேயே படிங்க" என்றார் போட்டோக்காரர். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட நிமிஷம் அதுதான் என்று பிற்பாடு அவர் பல முறை நினைத்துக்கொண்டார்.

ஸ்டுடியோவின் உள்ளறையில் ஒரு வெள்ளைத் திரை, இரண்டு குடை விளக்குகள், குடும்பப் படம் எடுக்கும்போது பெரியவர்கள் உட்காரும் நீளமான பெஞ்சு. முதல் நாளே அந்தப் பெஞ்சில் பில்காரர் படுத்தார். ஒல்லியான ஆள். கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார், வகிடு நூல் பிடித்தது மாதிரி இருக்கும். படுத்தவர் படுத்தவர்தான். மடித்துப் போட்ட வேட்டி மாதிரி கிடந்தார். பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றி இறக்கிய போட்டோக்காரரின் மனைவி சட்டென்று நிமிர்ந்தாள்.

"கேட்டுடுச்சு! அக்கா, டக் டக்னு தெளிவா கேக்குது!"

அந்த முகத்தைப் போட்டோக்காரர் பார்த்தார். கண், கன்னம், உதடு எல்லாம் சேர்ந்து சிரித்த முகம். கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ முறை அவளைப் படம் எடுத்திருக்கிறார். வெளிச்சத்தை மாற்றி, கோணத்தை மாற்றி, "கொஞ்சம் சிரியேன், காசா பணமா" என்று கெஞ்சிப் பார்த்தும் அவள் தராத சிரிப்பு அது. இன்னொருத்தனுடைய ரத்தம் ஓடுகிற சத்தத்துக்குத் தந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"அந்த ஆளு என்ன, பொணம் மாதிரி கிடக்கிறாரு?"

"நோயாளின்னா அப்படித்தான் கிடக்கணும்."

"உயிரு இருக்கான்னு மொதல்ல பாத்தியா?"

"அதத்தானே பாத்தேன். நாடி எழுபது."

"எனக்கு எவ்வளவு?"

"உங்களுக்குப் பாக்க விட்டாத்தானே தெரியும்."

அதிலிருந்து அவருக்கு எதைக் கேட்டாலும் தன்னைக் குத்துவது மாதிரியே இருந்தது. கடையை ஒழுங்குபடுத்துகிற சாக்கில் உள்ளறைக்குப் போவார், வருவார். பில்காரர் தாழ்ந்த குரலில் கணக்கு நடத்திக்கொண்டிருப்பார்: "ஒரு பக்கம் ஒண்ணு வந்தா, இன்னொரு பக்கம் ஒண்ணு போகணும் சிஸ்டர். அவ்வளவுதான் விஷயம்." யார் வந்தது, யார் போனது என்று போட்டோக்காரர் தனக்குள் கேட்டுக்கொண்டே லென்ஸைத் துடைப்பார். கண்டக்டரின் முறை வரும்போது, "போருக்குக் காரணம் எழுதுன்னு கேட்டா மொதல்ல நிலம்னு எழுதுங்க, ரெண்டாவது பொறாமைன்னு எழுதுங்க. எந்தப் போருக்கும் பொருந்தும். மார்க்கு கேரண்டி" என்பார். போட்டோக்காரர் அணைந்திருக்கும் விளக்கை ஒரு முறை போட்டு அணைப்பார்.

"என்ன சார், பல்பு சரியில்லையா?" என்பார் கண்டக்டர்.

"பல்பு எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

ஒரு நாள் புரூஃப் அக்கா 'பொறுமை' என்று தலைப்புக் கொடுத்து எல்லோரையும் கட்டுரை எழுதவைத்தார். போட்டோக்காரரின் மனைவி எழுதியதை எடுத்துச் சத்தமாகப் படித்தார். "பொறுமைக்கு உதாரணம் தேடி நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. எங்கள் ஆஸ்பத்திரியின் பில் கவுன்டரில் தினமும் நூறு பேர் திட்டினாலும் முகம் சுளிக்காத ஒருவர் இருக்கிறார்." புரூஃப் அக்கா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "தொடக்கம் ரொம்ப நல்லா இருக்கு. உதாரணம் கண்ணுக்குப் பக்கத்துல இருக்கணும். இதான் கட்டுரை" என்றார். பில்காரர் வெட்கப்பட்டுத் தலை குனிந்தார். வெளியறையில் ஏதோ விழுந்து உடைந்த சத்தம் கேட்டது.

"பூனை" என்றார் போட்டோக்காரர். அந்தத் தெருவில் பூனையே கிடையாது.

தேர்வு நெருங்கியது. முதலில் நர்சிங் செய்முறைத் தேர்வு, அடுத்த வாரம் எழுத்துத் தேர்வுகள். செய்முறைக்கு நோயாளியை மாணவர்களே கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது கல்லூரி வழக்கம். மாணவர்கள் ஒருவருக்கொருவர் படுத்துக்கொள்ளலாம், வெளி ஆளையும் கூட்டி வரலாம்.

போட்டோக்காரர் சட்டைக்குச் சொல்லிவிட்டார். தேர்வன்று வெளுத்த நீலச் சட்டை, சலவை போட்டது, தயாராக இருக்க வேண்டும்.

"நீங்க எதுக்கு சலவைச் சட்டை போடறீங்க?" என்றாள் மனைவி.

"படுக்கணும்ல?"

அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள். "பில்காரர்தான் எனக்குப் படுக்கறாரு. அவருக்கு நான். பேசி முடிவாயிடுச்சு."

"வெளி ஆளையும் கூட்டி வரலாம்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன்."

"வெளி ஆளுக்கே எடம் இருக்கு, வீட்டு ஆளுக்கு இல்லையா?"

"இங்க பாருங்க. இது என் வேலைக்கான பரிச்சை. உங்களுக்கு நாடி பாக்கறதுக்குள்ள நீங்க எழுந்து போய் அங்கிருக்கிற ஃபேனைத் துடைப்பீங்க. நான் ஃபெயிலாகி மறுபடியும் வாளி தூக்கணுமா?"

போட்டோக்காரர் மறுநாள் கடையில் யாரும் இல்லாதபோது பெஞ்சில் படுத்துப் பழகிப் பார்த்தார். கண்ணை மூடினார். மூக்கு அரித்தது. பொறுத்துக்கொண்டார். திரையின் மேல் ஓரத்தில் ஒட்டடை இருப்பது ஞாபகம் வந்தது. அதைத் தட்டிவிட்டு வந்து படுக்கலாம் என்று எழுந்தவர், அப்புறம் படுக்கவே இல்லை.

அந்த வாரம்தான் நால்வரும் ஹால் டிக்கெட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டார்கள். கண்டக்டர் பல்லைக் காட்டினார். புரூஃப் அக்கா கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார். பில்காரர் உட்கார்ந்தார், முதல் கிளிக்கிலேயே அப்பழுக்கில்லாத படம். நேரான தோள், நேரான பார்வை. இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு வாடிக்கையாளர் அவருக்கு வாய்த்ததில்லை. போட்டோக்காரருக்கு வயிறு எரிந்தது. இன்னொன்று எடுத்தார். அதுவும் அப்படியே. மனிதன் இமைகூடக் கொட்டவில்லை.

"சார், கண்ணு வறண்ட மாதிரி தெரியுது. ஒரு தடவை மெதுவா மூடித் திறங்க. ஈரம் பட்டா பளிச்னு விழும்" என்றார்.

பில்காரர் சொன்னபடி மெதுவாக மூடினார். இமை பாதி இறங்கிய நொடியில் போட்டோக்காரர் விரலை அழுத்தினார். கள்ளுக்கடையிலிருந்து எழுப்பிக் கூட்டி வந்த ஆள் மாதிரி ஒரு முகம் விழுந்தது. அதைத்தான் அச்சிட்டார். பாதி மூடிய கண்ணுக்கு எந்த ஆபீசும் ஆட்சேபணை சொல்லாது, படிப்பு முடியும்வரை பார்க்கிறபோதெல்லாம் அவளும் இந்த மூஞ்சியைத்தான் பார்க்கட்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்.

தேர்வன்று காலை மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். விட்டுவிட்டுப் போகாமல் கல்லூரி வராந்தாவில் சுற்றிக்கொண்டிருந்தார். ஹால் டிக்கெட்டில் படத்தை ஒட்டிச் சீல் வைப்பது அன்றைக்குத்தான். அலுவலக ஜன்னலில் வரிசை நகர்ந்தது. கண்டக்டர் முடித்தார், புரூஃப் அக்கா முடித்தார், மனைவியும் முடித்தாள். பில்காரர் கவரை அப்போதுதான் பிரித்தார். ஆஸ்பத்திரியில் ஒரு பில்லை மூன்று முறை கூட்டிப் பார்க்கும் மனிதர். ஆனால் சிஸ்டர் வீட்டுக்காரர் ஒட்டிக் கொடுத்த கவரைப் பிரித்துச் சரிபார்ப்பது மரியாதை இல்லை என்று அப்படியே வைத்திருந்திருக்கிறார்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த அம்மாள் படத்தை வாங்கிப் பார்த்தாள். "சார், இது தூங்கறப்ப எடுத்ததா?"

பில்காரர் எட்டிப் பார்த்தார்.

"கண்ணு தெரியாத படத்துக்கு என்னால சீல் வைக்க முடியாது. சீல் இல்லாம இன்னிக்கும் உக்கார முடியாது, அடுத்த வாரமும் முடியாது. பத்து மணிக்கு ஜன்னலைச் சாத்திடுவேன். அதுக்குள்ள வேற கொண்டு வாங்க."

பில்காரர் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் போட்டோக்காரருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "சார், வேலை நெருக்கடியில கவர் மாறிப் போச்சு போலிருக்கு" என்றவர், மறுபடியும் படத்தைப் பார்த்து, "இல்ல... இது நான்தான்" என்றார்.

படம் மனைவி கைக்குப் போனது. பார்த்தாள். அப்புறம் கணவரைப் பார்த்தாள். கடையில் அவர் ஒருத்தர்தான் வேலை செய்கிறார் என்பதும், எடுத்ததில் எது நல்ல படம் என்று அவருக்குத் தெரியாமல் போகாது என்பதும் அவளுக்குத் தெரியும். வராந்தாவிலிருந்து அடுத்த எண்ணைக் கூப்பிடும் குரல் கேட்டது. அவள் முறைக்கு இன்னும் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். படுக்க வேண்டிய ஆளோ ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார்.

"இதோ வந்துட்டேன்" என்றார் போட்டோக்காரர். அதைச் சொல்லும்போதே ஸ்கூட்டரை நோக்கி ஓட ஆரம்பித்திருந்தார்.

ஸ்டுடியோ கதவைப் பாதி தூக்கிக் குனிந்து நுழைந்தார். கம்ப்யூட்டரில் படங்கள் வரிசையாக இருந்தன. எல்லாமே நல்ல படங்கள். அச்சாகி வெளியே வந்ததை வெட்டும்போது பில்காரர் அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாத பார்வை. "பாக்காதய்யா" என்று சொல்லிக்கொண்டே கத்தரித்தார். வழியில் ஸ்கூட்டர் மக்கர் செய்தது. ஓரமாகத் தள்ளிவிட்டு மிச்ச தூரத்தை ஓடியே வந்தார். சாத்திக்கொண்டிருந்த ஜன்னலில் கையை விட்டார்.

"கையை எடுங்க சார், நசுங்கிடப் போகுது!"

"நசுங்கட்டும். சீலை வைங்க."

உள்ளே இருந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே படத்தை வாங்கினாள். பில்காரர் கையெழுத்துப் போடக் குனிந்தார். அதே நேரம் தேர்வறை வாசலில் போட்டோக்காரரின் மனைவியுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள்.

தேர்வாளர், பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். "நோயாளி எங்கேம்மா? சும்மா நிக்கறியே?" என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பில்காரருக்கு இன்னும் இரண்டு கையெழுத்து பாக்கி. பக்கத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்டிப்போய், இரைத்துக்கொண்டு நின்றிருந்தார் கணவர்.

"இதோ, இவருதாம்மா" என்றாள்.

"நானா?" என்றார் போட்டோக்காரர். இத்தனை நாள் கேட்டது இப்போது கிடைத்தபோது தூணை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார். "நான் அசைஞ்சிடுவேன்..."

"படுங்க."

கட்டிலில் படுத்தார். அவள் பட்டையைச் சுற்றினாள். தேவைக்கு மேலேயே இறுக்கினாள் என்று தோன்றியது. குனிந்து அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "கண்ணை மூடிக்குங்க. கண்ணு மூடின படம்னா உங்களுக்குத்தான் ரொம்பப் பிடிக்குமே."

அப்புறம் போட்டோக்காரர் அசையவில்லை. மூக்கு அரித்ததா, மேலே மின்விசிறி சரியாகச் சுற்றுகிறதா, ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. அவள் அழுத்தத்தைப் பார்த்தாள், நாடியைப் பிடித்தாள், கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள், எழுதினாள். தேர்வாளர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"நூத்திப் பத்தா? காலையிலேருந்து வந்தவங்க எல்லாரும் எழுபத்திரண்டுன்னு எழுதிட்டுப் போறாங்க, புஸ்தகத்துல இருக்கிற நம்பர்." அவரே மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். புருவம் உயர்ந்தது. "சரியா இருக்கு. நீதான்மா நிஜமாவே எண்ணியிருக்கே. இவரு ஏன் இந்த ஓட்டம் ஓடறாரு?"

"ஒரு வேலை பண்ணிட்டு ஓடி வந்தாரும்மா."

தேர்வாளர் சிரித்துக்கொண்டே தாளில் பெரிதாக ஒரு டிக் போட்டார். போட்டோக்காரர் எழுந்து வாசலுக்கு வந்தார். உள்ளே போய்க்கொண்டிருந்த பில்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்காக இப்படி ஓடியிருக்கீங்க சார். மறக்க மாட்டேன்" என்றார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார் போட்டோக்காரர். அவர் அன்று சொன்னதில் முழு உண்மை அதுதான்.

இப்போது பில்காரரின் முறை. கட்டிலில் அவள் படுத்தாள். போக மனமில்லாமல், நிற்கவும் முடியாமல் போட்டோக்காரர் கதவோரமாக நின்றார். அந்த நூல் பிடித்த வகிடு அவள் மேல் குனிந்தது. அந்த மெலிந்த விரல்கள் அவள் மணிக்கட்டைத் தொட்டன. விரல்கள் நடுங்கின, படுக்கும்போது அசையாத ஆள், தொடும்போது நடுங்குகிறான் என்று போட்டோக்காரர் குறித்துக்கொண்டார். கடிகார முள் சுற்றி வரும்வரை இவர் மூச்சுவிடவில்லை.

"அறுபத்தெட்டு, மேடம்."

தேர்வாளர் தானும் எண்ணினார். "ஆமா, அறுபத்தெட்டு. நல்ல அமைதியான நாடி."

அறுபத்தெட்டு. ஒரு துடிப்புகூட ஏறவில்லை. நெஞ்சிலிருந்து யாரோ ஒரு குடை விளக்கை எடுத்துக் கீழே வைத்த மாதிரி இருந்தது போட்டோக்காரருக்கு. ஆனால் வராந்தாவைத் தாண்டுவதற்குள் அடுத்த கவலை பிடித்துக்கொண்டது.

வெளியே வந்து, மக்கர் செய்த ஸ்கூட்டரை நோக்கி இருவரும் நடந்தார்கள். அவள் இரண்டடி முன்னால் போனாள். வண்டியை நிமிர்த்தி நிறுத்தியதும் அவர் மெல்லக் கேட்டார்.

"நான் கையைப் பிடிச்சா மட்டும் எவ்வளவு இருக்கும்?"

"இப்பப் பிடிச்சுடாதீங்க. இருக்கிற கோவத்துக்கு நூத்தி இருபது ஓடும்."

போட்டோக்காரர் ஸ்டார்ட்டரை மிதித்தார். இந்த முறை ஒரே மிதியில் கிளம்பியது. நூற்றி இருபது. பில்காரர் பிடித்தபோது ஓடியதைவிட ஐம்பதுக்கு மேல் அதிகம். அவர் முகத்தில் வந்த சிரிப்பை, பின்னால் உட்கார்ந்திருந்தவள் பார்க்கவில்லை.